குருவில்லாக் கோயிற்பற்றுகள்: ஒல்லாந்தர் ஆட்சியில் வடபுலக் கத்தோலிக்கரின் அன்றாடப் பக்தி வாழ்வு

ஈழத்துக் கிறித்தவத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் குருமாரின் வரலாற்றையே எழுதியுள்ளனர். எந்த ஆண்டில் எந்தச் சபையார் வந்தனர், எவ்வூரிற் கோயில் எழுப்பினர், எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் வழங்கினர் என்பனவே அவ்வெழுத்துகளின் உள்ளடக்கம். இதற்குக் காரணமும் உண்டு. ஆவணங்களை எழுதிவைத்தவர் குருமாரே. கடிதங்கள் அவர்கள் கையாலேயே கோவாவுக்கும் லிஸ்பனுக்கும் உரோமைக்கும் சென்றன. ஆனால் இம்முறையில் வரலாறு காண முற்படுவோர் 1658ஆம் ஆண்டுக்கு வந்ததும் திகைத்து நிற்க நேரிடுகின்றது. அவ்வாண்டில் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். 1687இல் யோசப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை, ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டுகள், இங்கிருந்த கத்தோலிக்கர் மேய்ப்பரற்ற மந்தையாக இருந்தனர். குருமாரின் வரலாற்றில் இக்காலம் ஒரு வெற்றிடம். மக்களின் வரலாற்றில் அது வெற்றிடமாக இருந்திருக்க முடியாது. வாஸ் அடிகளார் வந்தபோது அவரை எதிர்கொண்டவர்கள் தம் செபங்களை மறவாதவர்களாகவே இருந்தனர். பூசையும் பாவசங்கீர்த்தனமும் இன்றி ஒரு தலைமுறை முழுவதும் இறைவனோடு தமக்கிருந்த உறவை அவர்கள் எவ்வாறு பேணினர் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

போர்த்துக்கேயர் காலத்து மதமாற்றம் எத்தகையது என்பது பலராலும் கூறப்பட்டதே. 1544இல் மன்னாரிற் கிறித்தவர்களானோர் சங்கிலி மன்னனின் வாளுக்கு இரையாயினர். அந்த விசுவாசத்தின் ஆழத்தை ஐயுற இடமில்லை. ஆனால் 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ச்சியுற்ற பின்னர் திரள்திரளாக நிகழ்ந்த மதமாற்றங்களை அதே தட்டில் வைத்து நிறுத்தல் பொருந்தாது. அச்சமும் பதவி விருப்பும் அவற்றிற் பெரும்பங்கு வகித்தன. ஆட்சி போனால் மதமும் போய்விடும் என ஒல்லாந்தர் எண்ணியதில் வியப்பில்லை. ஓரளவுக்கு அவ்வாறே நிகழ்ந்தது. போர்த்துக்கேயரின் கீழ்ப் பெயரளவிற் கத்தோலிக்கரானோர் ஒல்லாந்தரின் கீழ்ப் பெயரளவிற் புரட்டஸ்தாந்தராயினர். வீட்டினுள்ளே சைவராகவே வாழ்ந்தனர். வினாவுக்குரியோர் இவர்களல்லர், எவ்வித ஆதாயமும் இல்லாத நிலையிலும் பழைய செபங்களை விடாதிருந்த மற்றைய பகுதியினரே.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் நடவடிக்கைகள் கடுமையானவை. கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என 1658 செப்டெம்பரிலேயே கட்டளை பிறந்தது. கத்தோலிக்கக் கோயில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் வணக்கத்தலங்களாகவும் பாடசாலைகளாகவும் மாற்றப்பட்டன. 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பல்தேயஸ் பாதிரியார் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்ட நூலில் தெல்லிப்பழை, மல்லாகம், அச்சுவேலி, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு முதலாய கோயிற்பற்றுகளை ஒவ்வொன்றாக விவரிக்கின்றார். அவை யாவும் போர்த்துக்கேயர் வகுத்துச் சென்ற கோயிற்பற்றுகளே. பிள்ளைகள் பாடசாலைக்கு வராவிடில் தண்டப்பணம் அறவிடப்பட்டது. ஞானஸ்நானமும் திருமணமும் பாடசாலைத் தோம்பிற் பதியப்பட்டன. அப்பதிவு இல்லாதார்க்கு உத்தியோகம் இல்லை. முதுசச் சொத்துக்கு உரிமை நாட்டுவதும் அரிதாயிற்று. ஆகவே ஒல்லாந்தரின் கீழ் ஒரு குடும்பத்தின் சமயம் என்பது மனச்சாட்சியின் விடயமாக மட்டுமன்றிக் காணியின் விடயமாகவும் இருந்தது. நேர்மைக்காக ஒன்றைச் சொல்லுதல் வேண்டும்: எழுத்தறிவைப் பரப்பியதிலும் வேதாகமத்தைத் தமிழிற் கொணர்ந்ததிலும் ஒல்லாந்தர் ஆற்றிய பணி புறக்கணிக்கத்தக்கதன்று. தமிழரான பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759இற் கொழும்பில் அச்சேறியமை இதற்குச் சான்று.

கோயிலும் குருவும் போன பின்னர் எஞ்சியிருந்தது யாது? மனனஞ் செய்த செபங்களே முதலில் எஞ்சின. இதன் வேர் மிகப் பழையது. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழறியாதவர். விசுவாச மந்திரத்தையும் பரலோக மந்திரத்தையும் பிறர் துணையோடு தமிழாக்கி, மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். 1544இல் அவர் எழுதிய கடிதமொன்றிலே, ஊர்தோறும் செபங்களின் பிரதியொன்றை விட்டுச் சென்றதாகவும், எழுதத் தெரிந்தோர் அதனைப் படியெடுத்து நாள்தோறும் ஓதவேண்டுமெனவும், திருநாட்களில் எல்லாரும் ஓரிடத்திற் கூடிச் சொல்லவேண்டுமெனவும் ஏற்பாடு செய்ததாகவும் குறிப்பிடுகின்றார். சிறுவர் தாம் கற்றதை வீட்டிற் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தனர். குரு ஓர் ஊரில் நிலையாகத் தங்கமுடியாது என்ற நிலைமையிலிருந்தே இவ்வழக்கம் பிறந்தது. மன்னார்க் கரையோரத்தாருக்கும் முத்துக்குளித்துறையாருக்கும் தொழிலாலும் உறவாலும் இருந்த நெருக்கத்தை நோக்கின், அதே வழக்கம் கடலின் இக்கரையிலும் வேரூன்றியமை இயல்பேயாகும். பின்னர் அன்றிக்கே அன்றிக்கஸ் அடிகளார் 1578இற் கொல்லத்திலே பதினாறு பக்கங்களில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்', அடுத்த ஆண்டிற் கொச்சியில் வெளிவந்த 'கிரீசித்தியானி வணக்கம்' ஆகியன செபங்களுக்கு நிலையான தமிழ் வடிவத்தை அளித்தன.

தமிழில் என்ற சொல் ஈண்டு அழுத்தம் பெறவேண்டியது. கத்தோலிக்க வழிபாட்டின் மொழி அன்று இலத்தீன். குரு இல்லாவிடில் இலத்தீனும் இல்லை. ஆனால் வீட்டுச் செபம் தமிழில் இருந்தது. குரு வெளியேறும்போது அவரோடு சேர்ந்து அது வெளியேறவில்லை. போர்த்துக்கேயச் சொற்களும் தமிழ் ஒலியேற்று வீட்டுமொழியாகிவிட்டன. குருசு, நத்தார், பாஸ்கு என்பன இன்றும் நம்மிடை வழங்குகின்றன. போர்த்துக்கேய அதிகாரிகளோடு வந்த சொற்கள் அவ்வதிகாரிகள் போன பின்னும் நாவில் நின்றனவென்றால், அவற்றை நாள்தோறும் உச்சரித்த வீடுகள் இருந்தன என்பதே பொருள். சொற்களும் ஒருவகை ஆவணங்களே.

நாளின் அமைப்பும் ஒரு துணையாயிற்று. காலை, நண்பகல், மாலை என மூவேளையும் சொல்லும் திரிகால செபமும் இரவிற் குடும்பமாகச் சொல்லும் செபமாலையும் கோயிலை வேண்டாதவை. கடலுக்குப் போவோனும் வயலில் நிற்போனும் அடுப்படியில் இருப்போளும் தத்தம் இடத்திலேயே சொல்லக்கூடியவை. செபமாலையை எண்ணுவதற்கு மணிகள்கூட அவசியமில்லை, விரல்கள் போதும். வீட்டைச் சோதனையிட வருவோனுக்குக் கைப்பற்ற ஒன்றுமிராது.

இதனினும் நுண்ணியது பாவமன்னிப்புப் பற்றிய பிரச்சினை. குருவிடம் பாவசங்கீர்த்தனஞ் செய்ய வழியில்லாத ஒருவன் சாகும்போது அவன் கதி யாது? கத்தோலிக்கப் போதனை இதற்கு விடை வைத்திருந்தது. தண்டனைக்கு அஞ்சியன்றி, இறைவன்மீது கொண்ட அன்பினாலேயே பாவத்துக்காக வருந்துவது உத்தம மனஸ்தாபம் எனப்படும். வாய்ப்புக் கிட்டும்போது குருவிடம் அறிக்கையிடுவேன் என்ற உறுதியோடு அவ்வாறு வருந்துவோனுக்கு மன்னிப்புண்டு. உத்தம மனஸ்தாப மந்திரம் தமிழ்க் கத்தோலிக்கரின் அன்றாடச் செபங்களில் ஒன்றாயிற்று. சாதாரண காலத்தில் இதனை ஒரு துணைச் செபமாகவே கொள்ளலாம். இருபத்தொன்பது ஆண்டுகளாகக் குருவைக் காணாத மக்களுக்கோ அது மரணப்படுக்கையின் ஒரே துணை. அவ்வாறே, சாகுந்தறுவாயிலுள்ள குழந்தைக்கு எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பதையும் போதனை அனுமதித்தது. இறைவனுக்கும் மனிதனுக்கும் இடையில் எவரும் நில்லாத ஒரு நெருக்கத்தை வற்புறுத்தியது சீர்திருத்தத் திருச்சபையே எனப் பொதுவாகக் கருதப்படும். அத்திருச்சபையின் அடக்குமுறையே ஈழத்துக் கத்தோலிக்கரை அத்தகைய நெருக்கத்துக்குத் தள்ளியது என்பது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

இம்மக்களின் வாழ்விலிருந்த இரட்டைத்தன்மையை மறைத்துவிடுதல் நேர்மையன்று. தோம்பிற் பெயர் வேண்டும். ஆகவே குழந்தையைப் புரட்டஸ்தாந்துக் கோயிலுக்குத் தூக்கிச் சென்றனர். வீட்டில் செபமாலை, பாடசாலையில் கல்வின் மரபின் வினாவிடை. இதனை நயவஞ்சகம் எனச் சில பாதிரிமார் கண்டித்தனர். ஆனால் கத்தோலிக்க நோக்கில் ஞானஸ்நான விடயத்திலாவது சிக்கல் குறைவு. உரிய வார்த்தைகளோடும் உரிய நோக்கத்தோடும் நீரால் வழங்கப்படின், பிரிந்த சபையார் தரும் ஞானஸ்நானமும் செல்லும் என்று திரிதெந்தின் சங்கம் 1547இலேயே தீர்த்திருந்தது. எனினும் வினாவிடையை ஒப்புவித்த பிள்ளையின் மனத்தில் நிகழ்ந்த போராட்டத்தை எந்தச் சங்கமும் தீர்த்துவிடவில்லை. அவர்களைக் கோழைகள் என்று கூறுவோர், அதே காலத்துச் சைவரையும் அவ்வாறே கூறவேண்டியிருக்கும். விரதநாளில் உண்ட வாழையிலையைக் கூரையிற் செருகி மறைத்தனர் என்ற கர்ணபரம்பரைச் செய்தி யாழ்ப்பாணத்தில் இன்றும் வழங்குகின்றது. ஒரே குறிச்சியில் ஒரு வீட்டில் இலை மறைந்தது. மற்றொரு வீட்டிற் குருசு மறைந்தது. காணியையும் பிள்ளைகளையும் விட்டோட முடியாத குடியானவனிடம் நாள்தோறும் உயிர்த்தியாகத்தை எதிர்பார்ப்பது, அவ்வாறு எதிர்பார்க்கவேண்டிய நிலையில் இல்லாதோர்க்கே எளிது.

1651இற் கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரிற் பிறந்த யோசப் வாஸ் அடிகளார் இந்நிலையிலேயே வந்தார். ஐரோப்பியர் ஒருவர் யாழ்ப்பாணத் தெருவில் மறைந்து நடமாடல் இயலாது. கொங்கணி பேசும் இந்தியர் ஒருவரால் அது இயன்றது. யோவான் என்னும் துணைவனோடு பிச்சைக்காரக் கோலத்தில் வந்திறங்கிய அவர், வந்தவுடன் வயிற்றுளைவினால் வீழ்ந்ததாகவும் பெண்ணொருத்தி கஞ்சி வார்த்துக் காத்ததாகவும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அப்பெண்ணின் பெயரை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. உடல் தேறியபின் அவர் செபமாலையைக் கழுத்திலணிந்து வீடுவீடாகப் பிச்சைக்குச் சென்றார். வாயால் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மாலையைக் கண்டு எந்த முகம் மாறுகின்றது என்றே பார்த்தார். இவ்வுபாயம் பலித்ததே முன்னர்க் கூறியவற்றுக்கெல்லாம் தலையாய சான்று. மாலையை மறந்துவிட்ட மக்களிடையே அது பலித்திராது. சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று. இரவில் வீடுகளிலே பூசை நடந்தது. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தப் படையினர் பூசைக்குக் கூடியிருந்தோரைச் சுற்றிவளைத்துச் சிறைப்பிடித்தனர். வாஸ் அடிகளார் தப்பினார். பிடிபட்டோரிற் சிலர் கசையடிபட்டுக் கோட்டையிற் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டனர். புரட்டஸ்தாந்து சமயத்தை விட்டுத் திரும்பியிருந்த தொன் பேதுரு என்பார் அடியினால் இறந்தார். அடுத்த ஆண்டில் அடிகளார் கண்டி மன்னனின் ஆள்புலத்திலிருந்த புத்தளத்துக்குச் சென்றார். 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் அவர் இறந்ததும், 2015இற் காலிமுகத் திடலிலே புனிதராக உயர்த்தப்பட்டதும் யாவரும் அறிந்தவை.

அவருடைய அற்புதங்களைப் பற்றிப் பேசுவோர் அவரது அமைப்பாற்றலைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஊர்தோறும் மூப்பர் ஒருவரை நியமித்துக் கோயிற் கருமங்களை அவரிடமும், அண்ணாவியாரை நியமித்துச் செபமும் மந்திரமும் கற்பிக்கும் பொறுப்பை அவரிடமும் ஒப்படைத்தார். குரு ஆண்டில் ஓரிரு முறையே வருவார் என்பதை இவ்வமைப்பு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. இதனை அவர் புதிதாகப் படைத்தார் என்பதைவிட, தலைமுறையாக மக்களே நடத்திவந்த ஒன்றுக்கு ஒழுங்கு தந்தார் என்பதே பொருந்தும்.

இவ்வமைப்புக்கு இலக்கியம் தந்தவர் 1705இல் வந்துசேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். கோவாவின் திவார்த் தீவினரான இவர் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். வாசிப்பதற்கு ஒருவரும் கேட்பதற்கு ஓர் ஊரும் இருந்தாற் போதும் என்ற நிலைக்கு ஏற்றவை அவை. இவருக்கு முன்னரே, தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 1647இல் பாடிய 'சந்தியோகுமையோர் அம்மானை' எழுத்தறியாதாரும் கேட்டுப் பாடத்தக்க வகையில் அமைந்திருந்தது. கொன்சால்வெஸ் அடிகளாரோ உரைநடையைக் கையாண்டார். அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' இயேசுவின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களில் விரிப்பது. வடமொழிச் சொற்கள் மலிந்த அந்நடை இன்றைய மாணவனுக்குக் கடினமாகத் தோன்றலாம். ஆனால் அது கண்ணுக்கு எழுதப்பட்டதன்று. இழுத்து ஓதும் இராகத்துக்கு எழுதப்பட்டது. பிரசங்கத்தைக் குரு செய்யவேண்டும் என்பது மரபு. இங்கே குருவின் பிரசங்கத்தை ஊரவர் ஒருவரே தம் குரலில் ஓதினார்.

1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தது. 1806இல் ஆங்கிலேய அரசு கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியது. அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கண்ட குளோடியஸ் புக்கானன் என்ற ஆங்கிலப் போதகர், ஒல்லாந்தரின் பெருங்கோயில்கள் கவனிப்பாரற்றுக் கிடந்ததையும் கத்தோலிக்கக் குருமாரின் செல்வாக்கையும் கண்டு வருந்தி எழுதினார். தோம்புகளில் இருந்த பெயர்கள் தோம்புகளிலேயே தங்கிவிட்டன. வியாகுலப் பிரசங்கமோ மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தபசுகாலத்தில் இன்றும் ஓதப்படுகின்றது. குருமார் போதியளவு உள்ள பங்குகளிலும் அதனை ஓதுவோர் பெரும்பாலும் பொதுநிலையினரே.