லினோலியம் வந்த கதை

இப்போது கடைக்குப் போய் "ஃப்ளோர் மேட்" என்று கேட்டால் பெரிய உருளையிலிருந்து மீட்டர் கணக்கில் வெட்டிச் சுருட்டித் தருகிறார்கள். மரம் போல, பளிங்கு போல, பழைய செட்டிநாட்டுத் தரை போல எத்தனையோ தினுசு. அத்தனையும் பிளாஸ்டிக். பளபளப்பான டைல்ஸில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கால் வழுக்கிவிடக் கூடாதே என்று பிள்ளைகள் வாங்கிப் போடுகிறார்கள். என் வயது நண்பர்கள் பலர் வீட்டில் இதைப் பார்க்கிறேன். இந்த விரிப்பின் பூர்வீகத்தைத் தேடிப் படித்ததில், ஏறக்குறைய 160 ஆண்டுக் கதை ஒன்று கிடைத்தது. அதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

பிரான்சில் குடியேறிய நம் ஊர்க்காரர்கள் தரையில் ஒட்டும் எந்த விரிப்பையும் இன்றைக்கும் "லினோ" என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலும் அது லினோலியம் இல்லை, வினைல். ஆனாலும் பழைய பெயர் போகவில்லை. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அந்தப் பெயரின் பொருளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரெஞ்சில் "லேன்" என்றால் ஆளிச்செடி. "உயில்" என்றால் எண்ணெய். லத்தீனில் லினும், ஓலியம். இரண்டையும் சேர்த்தால் லினோலியம். ஆளிவிதை எண்ணெயில் செய்த தரை என்பது பெயரிலேயே இருக்கிறது.

லினோலியத்துக்கு முன்பு ஐரோப்பாவில் தரைக்கு என்ன போட்டார்கள்? கம்பளம் வாங்க வசதியில்லாதவர்களும், வசதியிருந்தும் கூடத்திலும் நடையிலும் கம்பளம் அழுக்காகும் என்று நினைத்தவர்களும் பெயின்ட் பூசிய கித்தான் துணியை விரித்தார்கள். கெட்டியான துணியின் மேல் எண்ணெய் வண்ணத்தைப் பல தடவை பூசி, மாதக்கணக்கில் காயவைத்து, மேலே அச்சுக்கட்டையால் பூவேலை போடுவார்கள். நம் வீடுகளில் சாப்பாட்டு மேசை மேல் போட்டிருந்தோமே "துவால் சிரே", அதற்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் குறை என்னவென்றால் வண்ணம் மேலோடு சரி. ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சீக்கிரம் தேய்ந்து துணி தெரிந்துவிடும். 1844-இல் எலைஜா காலோவே என்பவர் ரப்பரையும் தக்கைத்தூளையும் கலந்து "காம்ப்டுலிக்கான்" என்ற விரிப்புக்குக் காப்புரிமை வாங்கினார். மெத்தென்று இருந்தது, சத்தம் வராது. ஆனால் ரப்பர் விலை ஏறியதும் அதுவும் சாதாரண மக்களுக்கு எட்டாத பொருளாயிற்று.

அந்தச் சமயத்தில் வந்தவர்தான் ஃப்ரெடரிக் வால்டன். 1834-இல் பிறந்த ஆங்கிலேயர். திறந்து வைத்த பெயின்ட் டப்பாவின் மேல் ஆடை கட்டியிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைக் குச்சியால் எடுத்து எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்போம். வால்டன் எறியவில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகி, ரப்பர் போல இழுபடும் தோலாக மாறியிருந்தது. ரப்பருக்குப் பதில் இதைப் பயன்படுத்தினால் என்ன என்று அவர் யோசித்தார். 1860-இல் எண்ணெயை இறுகவைக்கும் முறைக்கும், 1863-இல் லினோலியத்துக்கும் காப்புரிமை வாங்கினார். 1864-இல் லண்டனுக்கு மேற்கே ஸ்டெயின்ஸ் என்ற ஊரில் தொழிற்சாலை எழுந்தது.

செய்முறையைப் படித்தால் இந்தக் காலத்து அவசரத்துக்குக் கொஞ்சமும் ஒத்துவராது. உயரமான கொட்டகைகளில் மெல்லிய பருத்தித் துணிகளை வரிசையாகத் தொங்கவிடுவார்கள். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை நாள்தோறும் அவற்றின் மேல் வழியவிடுவார்கள். ஒரு படலம் காய்ந்தபின் இன்னொரு படலம். இப்படியே மாதக்கணக்கில் ஊற்றினால் துணியின் மேல் ஒரு விரற்கடை கனத்துக்கு எண்ணெய்த் தோல் ஏறும். அதை இறக்கி அரைத்து, பைன் மரப் பிசினும் நியூசிலாந்தின் கவுரி மரப் பிசினும் சேர்த்து உருக்குவார்கள். பிறகு தக்கைத்தூள், மரத்தூள், வண்ணப்பொடி எல்லாம் கலந்து பிசைந்து, சூடான உருளைகளுக்கு இடையே விட்டுச் சணல் துணியின் மேல் அழுத்துவார்கள். அதன் பிறகும் வெப்ப அறையில் வாரக்கணக்கில் தொங்கவிட வேண்டும். வண்ணம் உள்வரைக்கும் கலந்திருப்பதால் மேலே தேய்ந்தாலும் அசிங்கமாகத் தெரியாது. பழைய கித்தான் விரிப்பை லினோலியம் ஓரங்கட்டியது இதனால்தான்.

நம் நாட்டின் பங்கு என்று சொன்னேன் அல்லவா? அந்தக் காலத்தில் ஆளிவிதையை ஐரோப்பாவுக்கு ஏராளமாக ஏற்றுமதி செய்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் மூட்டை மூட்டையாகக் கப்பலேறியது. அடித்துணிக்கான சணலோ வங்காளத்தில் விளைந்து ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து ஆலைகளுக்குப் போனது. இங்கிலாந்துக் குமாஸ்தா வீட்டுக் கூடத்தில் விரித்திருந்த லினோலியத்தில் நம் குடியானவனின் எண்ணெய்வித்தும் வங்கத்துக் குடியானவனின் நாரும் இருந்திருக்கின்றன. அவர்களில் எவரும் அந்தத் தரையில் நடந்திருக்க மாட்டார்கள்.

டண்டீக்கு அதிகத் தூரமில்லாத கடற்கரை ஊர் கிர்க்கால்டி. அங்கே மைக்கேல் நெய்ர்ன் என்பவர் 1847-இல் பெயின்ட் பூசிய கித்தான் விரிப்புக்குப் பெரிய தொழிற்சாலை கட்டியபோது, இது தேறாது என்று நினைத்த ஊரார் அதற்கு "நெய்ர்னின் பைத்தியக்காரத்தனம்" என்று பெயர் வைத்தார்கள். தொழிற்சாலையோ தேறி வளர்ந்தது. வால்டனின் காப்புரிமைக் காலம் 14 ஆண்டு முடிந்தவுடன், 1877-இல், நெய்ர்ன் நிறுவனமும் லினோலியம் செய்யத் தொடங்கியது. அதே பெயரிலேயே விற்றது. வால்டனின் கம்பெனி வழக்குப் போட்டது. 1878-இல் தீர்ப்பு வந்தது: லினோலியம் என்பது அந்தப் பொருளின் பெயர், அதைச் சொல்ல வேறு சொல் இல்லை, ஆகவே யாரும் பயன்படுத்தலாம். நாம் எந்த மெஷினில் நகல் எடுத்தாலும் ஜெராக்ஸ் என்றும், எந்த வனஸ்பதியையும் டால்டா என்றும் சொல்கிறோமே, அந்த மாதிரி. பெயர் வைத்தவருக்கே பெயர் சொந்தமில்லாமல் போயிற்று.

அதன் பிறகு கிர்க்கால்டி லினோலியத்தின் தலைநகரமாயிற்று. ரயிலில் வருகிறவர்கள் ஊர்ப் பலகையைப் பார்க்க வேண்டாம், ஆளிவிதை எண்ணெய் வாடையே ஊர் வந்துவிட்டதைச் சொல்லிவிடும் என்பார்கள். வால்டன் அமெரிக்காவுக்கும் போய் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஒரு தொழிற்சாலை தொடங்கினார். அந்த இடத்துக்கு "லினோலியம்வில்" என்றே பெயர் விழுந்தது. பின்னாளில் தொழிற்சாலை மூடும் காலம் வந்தபோது ஊர் மக்கள் அந்தப் பெயரையும் மாற்றிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அரசு அலுவலகம், போர்க்கப்பல் எல்லாவற்றிலும் லினோலியம் ஏறியது. கூட்டுவது சுலபம், ஈரத்துணியால் துடைத்தால் போதும், இடுக்குகளில் அழுக்குச் சேராது. ஓவியர்களும் அதை விடவில்லை. அதில் உருவம் செதுக்கி மை தடவி அச்சிடுவதைப் பிரெஞ்சில் "லினோகிராவ்யூர்" என்பார்கள். மத்தீஸும் பிக்காசோவும் அந்த முறையில் படங்கள் செய்திருக்கிறார்கள்.

லினோலியத்தைச் சாய்த்தது வினைல். 1926-இல் அமெரிக்க வேதியியலாளர் வால்டோ செமன் பி.வி.சி.யை வளையும் பொருளாக மாற்றும் வழியைக் கண்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது தரைக்கு வந்தது. மாதக்கணக்கில் எண்ணெய் காயக் காத்திருக்க வேண்டாம்; விலையும் குறைவு. ஸ்டெயின்ஸ் தொழிற்சாலை 1970 வாக்கில் மூடப்பட்டது. லினோலிய உருளையைச் சுமந்து செல்லும் இரண்டு தொழிலாளர்களின் வெண்கலச் சிலை இன்று அந்த ஊர்க் கடைத்தெருவில் நிற்கிறது. கிர்க்கால்டியில் மட்டும் தொழில் இன்னும் நடக்கிறது.

வினைல் வந்ததும் ஒன்று மறந்துபோயிற்று. தயாரிப்பதில் அவசரம் வந்தது போலவே போடுவதிலும் அவசரம் வந்துவிட்டது. பழைய காலத்தில் லினோலியம் போடுகிறவர் முதலில் தரையைத்தான் பார்ப்பார். மரப்பலகைத் தரையில் ஆணித்தலை துருத்தியிருந்தாலும் பலகைக்குப் பலகை மேடுபள்ளம் இருந்தாலும் சில மாதத்தில் அது விரிப்பின் மேல் வரிவரியாகத் தெரிந்துவிடும். உருளையைப் பிரித்து அறைக்குள் சில நாள் அப்படியே போட்டுவைத்து, அது நீண்டு சுருங்கி அடங்கிய பிறகுதான் ஓரத்தை வெட்டுவார்கள். சிமென்ட் தரை வந்த பிறகு ஈரமும் ஒரு எதிரியாகச் சேர்ந்துகொண்டது. சிமென்டிலிருந்து வரும் ஈரம் வெறும் தண்ணீர் அல்ல, காரம் கலந்த தண்ணீர். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும்? சவுக்காரம் ஆகும். லினோலியத்தின் அடிப்பக்கம் அப்படித்தான் கெட்டுப்போகும். வினைல் விரிப்பு அந்த மாதிரிக் கெடாது. ஆனால் அதன் வழியாக ஈரம் வெளியேறவும் முடியாது. அடியிலேயே தங்கிப் பசையை இளக்கிவிடும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1980-களில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தின் தரைத்தளத்தில், பழைய தரையைச் சமப்படுத்த மேலே சிமென்ட் பூசி, அதன் மேல் வினைல் விரிப்பு ஒட்ட முடிவாயிற்று. மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி எல்லாம் ஒழுங்காக முடிந்து பூச்சு வேலை தொடங்கும்போது மார்ச் மாதம் இரண்டாவது வாரம். இன்னும் ஒரு மாதமாவது காய வேண்டும் என்று வயதான கொத்தனார் சொல்லிப் பார்த்தார். அரசு வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: மார்ச் 31-க்குள் பணத்தைச் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். தரை காய்வதற்கு மார்ச் 31 தெரியாதே. கடைசி வாரத்தில் விரிப்பை ஒட்டிப் பட்டியலும் பாஸ் ஆகிவிட்டது. ஐப்பசி மழையில் அங்கங்கே அப்பளம் மாதிரி உப்பியது. கார்த்திகையில் இரண்டு விரிப்பு சேரும் இடம் பிரிந்து மேலே தூக்கிக்கொண்டது. ஓய்வு பெற ஒன்றரை வருடமே இருந்த எங்கள் பியூன், எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் மனிதர், கோப்புக்கட்டோடு வந்தவர் அதில் கால் தடுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. மீதி நாட்களைக் கைத்தடியோடு கழித்துத்தான் ஓய்வு பெற்றார். விரிப்புக்குச் செலவான ரூபாய்க்குக் கோப்பில் கணக்கு இருந்தது. இதற்கு எந்தக் கோப்பிலும் இடமில்லை.

இந்தத் தொழிலில் ஒரு பொதுக்கணக்கு உண்டு. புதிய கான்கிரீட்டோ பூச்சோ ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு நாள் வீதம் காய வேண்டும். 50 மில்லிமீட்டர் என்றால் ஐம்பது நாள். அதற்கு மேல் கனமாக இருந்தால் இன்னும் மெதுவாகத்தான் காயும். இது நல்ல வெயிலும் காற்றும் இருந்தால். கடலோரத்தில் மழைக்காலத்தில் இந்தக் கணக்கும் போதாது.

ஆகவே நண்பர்களே, வீட்டில் விரிப்புப் போடும் எண்ணம் இருந்தால் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். முழங்கை நீளத்துக்கு ஒரு சதுர பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது அடியில் நீர் முத்து முத்தாக நின்றாலோ தரை கறுத்திருந்தாலோ அந்தத் தரை இன்னும் தயாரில்லை. நம் பழைய வீடுகளின் சுண்ணாம்புத் தரையும் செங்கல் தரையும் மண்ணின் ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடுபவை. அவற்றைப் பிளாஸ்டிக்கால் மூடினால் ஈரம் சுவரில் ஏறும். அங்கே விரிப்பே வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்தது மேடுபள்ளம். இரண்டு மீட்டர் நீள நேர்க்கம்பியைத் தரையில் வைத்தால் அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரியக் கூடாது. தெரிந்தால் பள்ளத்தை அடைத்துக் காயவிட வேண்டும். பழைய பெயின்ட், மெழுகு, எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் தரையில் இருக்கக் கூடாது. இருந்தால் பசை பிடிக்காது. உருளையை ஒரு நாள் முன்னதாகவே பிரித்து அந்த அறையிலேயே பரப்பி வையுங்கள். ஒட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி உருட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஆஸ்பத்திரிகளில் இரண்டு விரிப்பு சேரும் இடத்தைச் சூடாக்கிய பிளாஸ்டிக் கம்பியால் பற்றவைத்து ஒன்றாக்கிவிடுகிறார்கள். வீட்டில் அது முடியாது என்றால் இணைப்பு, நடமாட்டம் உள்ள வழியில் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வாசற்படி ஓரத்தில் உலோகப் பட்டை அடிக்கச் சொல்லுங்கள். தூக்கிய ஓரத்தில் முதியவர் கால் தடுக்கி விழக்கூடும்.

பிரான்சில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. அங்கே பழைய வினைல் விரிப்புகள் சிலவற்றின் அடிப்பாகத்திலும் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். 1997-இல்தான் பிரான்ஸ் அதை முழுவதுமாகத் தடை செய்தது. பழைய வீடு வாங்கியிருந்தால் தரைவிரிப்பைத் தாங்களே சுரண்டவோ தேய்க்கவோ கூடாது, முதலில் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் பழைய லினோலியத்தைப் பிரிக்கும்போது அடியில் செய்தித்தாள்கள் கிடைப்பதுண்டாம். தரை சமமாக இருக்கட்டும் என்று அந்தக் காலத்தில் விரித்தவை. அதில் உள்ள தேதியைப் பார்த்து, இந்தத் தரை எந்த வருடம் போட்டது என்று சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் யார் வீட்டிலாவது, அல்லது பழைய ஆஸ்பத்திரியிலோ பள்ளியிலோ, வினைல் வருவதற்கு முன்பிருந்த அசல் லினோலியத்தைப் பார்த்த நினைவு இருந்தால் எனக்கு எழுதுங்கள். எந்த ஊர்ச் சரக்கு, எந்தக் கப்பலில் வந்தது என்பது தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.