கணக்கேடுகளில் மனிதரைத் தேடிய பேராசிரியை

நூற்றாண்டு காணும் எமது கல்லூரியின் வரலாற்றை எழுதத் தொடங்கியபோது அதிபர்களின் பெயர்களும் கட்டடங்கள் திறக்கப்பட்ட திகதிகளும் எமக்கு எளிதாகக் கிடைத்தன. விடுதியில் என்ன சமைத்தார்கள், கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்பதை அறிய வழியிருக்கவில்லை. 1995 இடப்பெயர்வோடு போன இடாப்புகள் திரும்பி வரவில்லை. மனம் சோர்ந்த அவ்வேளையில் எமக்கு நினைவுக்கு வந்தவர், மத்தியகால ஐரோப்பாவின் பொருளாதார, சமூக வரலாற்றை ஆராய்ந்த ஐலீன் பவர் அம்மையார்.

1889 இல் இங்கிலாந்தில் பிறந்த இவரின் தந்தை பங்குத் தரகர். மோசடிக் குற்றத்துக்காக அவர் சிறை சென்றார். பதினான்கு வயதில் தாயையும் இழந்த ஐலீன், தங்கைமார் இருவருடன் ஒக்ஸ்போர்டில் உறவினர் வீட்டில் வளர்ந்து, அங்குள்ள பெண்கள் பாடசாலையில் பயின்றார். பின்னர் கேம்பிரிட்ஜின் கேர்ட்டன் கல்லூரியில் வரலாற்றில் முதல் வகுப்பில் சித்தியெய்தினார். ஆயினும் அப்பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கியது 1948 இல்தான். அதைக் காண அவர் இருக்கவில்லை.

பாரிஸில் பழைய ஆவணங்களை வாசிக்கும் கலையைக் கற்றுத் திரும்பிய அவர், கேர்ட்டனில் கற்பித்தபடியே ஆய்வைத் தொடர்ந்தார். 1922 இல் வெளிவந்த முதற் பெருநூல், ஏறத்தாழ 1275 முதல் 1535 வரையான ஆங்கிலேயக் கன்னியர் மடங்களைப் பற்றியது. எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. மடங்களின் வரவு செலவுக் கணக்குகளும், ஆயர்கள் மேற்பார்வைக்குச் சென்றபோது எழுதிய குறிப்புகளுமே அதற்கு ஆதாரம். கடன், ஒழுகும் கூரை, தலைவி மீதான முறைப்பாடு, தடையை மீறி வளர்த்த நாய்க்குட்டி எல்லாம் அவற்றில் இருந்தன. விடுதியில் இருந்த எமக்கு இது அந்நியமான உலகமல்ல!

1924 இல் வந்த 'மத்தியகால மக்கள்' என்ற நூலில் ஆறு பேரின் வாழ்க்கையைச் சொன்னார். அவர்களில் ஒருவன் போடோ என்னும் குடியானவன். பாரிஸ் அருகேயிருந்த மடமொன்று, ஒன்பதாம் நூற்றாண்டில் தன் காணிகளையும் குடிகளையும் பதிந்து வைத்த ஏட்டில் அவன் பெயர் இருந்தது. மனைவி எர்மன்ட்ரூட், பிள்ளைகள் மூவர். மடத்துக்குச் செலுத்த வேண்டியவற்றுள் மூன்று கோழிகளும் பதினைந்து முட்டைகளும் அடக்கம். வரி வாங்குவதற்காக எழுதிய அந்த வரிகளிலிருந்து ஒரு குடும்பத்தின் ஒரு நாளையே அவர் எம் கண்முன் கொண்டு வந்தார்.

1921 இல் இலண்டன் பொருளியல் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்து, 1931 இல் அங்கு பொருளாதார வரலாற்றுப் பேராசிரியையானார். 1926 இல் பொருளாதார வரலாற்றுச் சங்கம் உருவாக ரோனியுடன் இணைந்து உழைத்தார். தங்கை றோடாவுடன் சேர்ந்து பிள்ளைகளுக்காக வானொலியிலும் வரலாறு சொன்னார். 1939 இல் ஒக்ஸ்போர்டில் ஆங்கிலேயக் கம்பளி வணிகம் பற்றி ஆற்றிய விரிவுரைகள் 1941 இல்தான் நூலாயின. 1940 ஆகஸ்டில், 51 ஆவது வயதில், அவர் திடீரென இறந்துவிட்டார்.

எம்மில் வைத்தியர்களாக இருப்போருக்கு அவரது வழி நன்கு விளங்கும். 'பெண், வயது 34, தொழில் இல்லை' என்று நோயாளர் பதிவேட்டில் நாமே எழுதுகிறோம். விடிய நாலு மணிக்கு எழும்பி, ஆடு பார்த்து, ஓலை பின்னி, மூன்று பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு வந்தவர் அவர். அந்தப் பதிவேட்டை மட்டும் வைத்து நாளை ஒருவர் எம் ஊரின் வரலாற்றை எழுதினால் என்ன எழுதுவார்? ஏட்டில் விடுபட்டவரையும் தேட வேண்டும் என்பதையே ஐலீன் பவரின் வாழ்நாள் உழைப்பு எமக்குக் கற்றுத் தருகிறது.

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டு அலுமாரியில், அம்மாவின் பெட்டியில், ஒரு கட்டணப் பற்றுச்சீட்டோ, தேர்ச்சி அறிக்கையோ, விடுதியிலிருந்து எழுதிய கடிதமோ இருக்கக்கூடும். கடல் கடந்து வாழ்வோரிடம் இன்னும் அதிகமாக இருக்கலாம். அற்பமென்று எறிந்துவிடாதீர்கள். பிரதியெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். மூன்று கோழிகளும் பதினைந்து முட்டைகளும் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லுமென்றால், எமது விடுதியின் சாமான் சிட்டையும் ஒருநாள் பேசும்.