குழுவும் கோப்பும்: ஜெனரல் மோட்டார்ஸில் துறைகளுக்கிடையிலான தகவல் தொடர்பு, 1921–2014

ஒரு துறைக்குத் தெரிந்தது அடுத்த துறைக்குத் தெரியாமல் போனால், நிறுவனத்தைத் துறைகளாகக் கூறுபோட்டதையே குறை சொல்வது வழக்கம். ஆனால் அந்தப் பிரிவினையே தகவல் கோளாறுக்கு மருந்தாக வந்தது. 1841 அக்டோபர் 5 அன்று அமெரிக்காவின் வெஸ்டர்ன் ரயில்பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதிய பிறகே, அந்த நிறுவனம் பாதையைப் பிரிவுகளாக்கி, யார் யாருக்குச் செய்தி தர வேண்டும் என்று வரையறுத்தது. செய்தி மேலும் கீழும் ஒழுங்காக ஓடத் தொடங்கியது. பக்கவாட்டில் ஓடுவதற்குத்தான் வழி இல்லை. 1916இல் பிரெஞ்சுச் சுரங்க நிர்வாகி ஆன்றி ஃபயோல் இக்குறையைச் சுட்டி, சமநிலை அலுவலர்கள் மேலதிகாரிகளின் இசைவோடு நேரடியாகப் பேசிக்கொள்ளலாம் என்றார். ஏட்டில் எளிதாகத் தெரிந்த இது நடைமுறையில் என்ன பாடுபட்டது என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் நல்ல சான்று.

1920இல் அந்நிறுவனம், நிறுவனர் வில்லியம் டியூரண்ட் வாங்கிச் சேர்த்த பல கார் கம்பெனிகளின் தொகுப்பாகவே இருந்தது. ஓஹையோ மாநிலத்தின் டேட்டனில் ஆய்வுக்கூடத்தை நடத்திய சார்லஸ் கெட்டரிங், தண்ணீருக்குப் பதிலாகக் காற்றும் செப்புத் தகடுகளும் குளிர்விக்கும் எஞ்சினை உருவாக்கினார். தலைவர் பியர் டியூபான்டுக்கு அது பிடித்துப்போயிற்று. 1921இல் ஓக்லண்டு பிரிவு அதைச் சோதித்துத் தேறாது என்று அறிக்கை அனுப்பியது. எங்கள் சோதனையில் நன்றாகத்தானே ஓடியது என்றது ஆய்வுக்கூடம். வடிவமைப்பு ஒருவர் பொறுப்பு, உற்பத்தி இன்னொருவர் பொறுப்பு. ஒருவர் சோதனையை மற்றவர் நம்பவில்லை. கடிதங்களுக்குக் குறைவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கே பஞ்சம் செய்திக்கு அல்ல, இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் நடுவருக்கு.

1923 ஜனவரியில் நியூயார்க் கண்காட்சியில் செவ்ரோலே பிரிவின் கார் அந்த எஞ்சினோடு வந்தது. மொத்தம் 759 கார்கள் உருவாயின. அவற்றில் 239 ஆலையிலேயே கழித்துக்கட்டப்பட்டன. வாடிக்கையாளர் கைக்குப் போனவை ஏறத்தாழ நூறுதான். கோடையில் எல்லாம் திரும்பப் பெறப்பட்டன. கெட்டரிங் பதவி விலக முன்வந்தார். (நமக்குக் கிடைக்கும் விரிவான விவரிப்பு, டியூபான்டுக்குப் பின் தலைவரான ஆல்ஃபிரட் ஸ்லோனின் நினைவுநூலில் உள்ளது. வென்றவர் எழுதியது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.)

அதே ஆண்டு தலைவரான ஸ்லோன், செப்டம்பரில் பொதுத் தொழில்நுட்பக் குழுவை அமைத்தார். பிரிவுகளின் தலைமைப் பொறியாளர்களும் கெட்டரிங்கும் ஒரே மேசையில் அமர்ந்தனர். 1924இல் மில்ஃபோர்டில் பொதுச் சோதனைத் தளம் திறக்கப்பட்டது. என் பார்வையில் குழுவைவிட இதுவே பெரிய மாற்றம்: யாருடைய சோதனையை நம்புவது என்ற சண்டைக்கு அங்கே இடமில்லை.

கூட்டங்கள் பெருகின. அவற்றால் மட்டும் செய்தி கைமாறிவிடாது என்பது தொண்ணூறு ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டது. கோபால்ட் முதலான சிறிய கார்களில் இக்னிஷன் சுவிட்ச் தளர்வாக இருந்ததால், ஓட்டத்தின்போதே சாவி நகர்ந்து எஞ்சின் அணைந்தது. அதை வாடிக்கையாளரின் வசதிக் குறைவு என்றே பொறியாளர்கள் வகைப்படுத்தினர். சாவி நகர்ந்தால் ஏர்பேக்கும் விரியாது என்பதை அவர்கள் இணைத்துப் பார்க்கவில்லை. விஸ்கான்சின் மாநிலக் காவலர் ஒருவர் 2007இலேயே இரண்டையும் இணைத்து எழுதிய விபத்து அறிக்கை, நிறுவனத்தின் கோப்பிலேயே கிடந்தது. 2014இல் வழக்கறிஞர் ஆன்டன் வலுகாஸ் அளித்த விசாரணை அறிக்கை இரண்டு உள்வழக்கங்களைப் பதிவு செய்கிறது: பொறுப்பு அடுத்தவருடையது என்று கைகளைக் குறுக்கே வைத்து இரு பக்கமும் விரல் நீட்டுவது; கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் எதுவும் செய்யாதிருப்பது. அந்த ஆண்டு இக்குறைக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட கார்கள் சுமார் 26 லட்சம்; நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124.

இதில் மிகக் கசப்பான விவரம் ஓர் எண் பற்றியது. 2006இல் சுவிட்சைத் திருத்த ஒப்புதல் தந்தபோது உதிரிபாக எண்ணை மாற்றவில்லை. ஆகவே 2008ஆம் ஆண்டு மாடலிலிருந்து விபத்துகள் ஏன் குறைந்தன என்று நிறுவனத்தின் விசாரணையாளர்களால் ஆண்டுக்கணக்கில் விளக்க முடியவில்லை. பழைய சுவிட்சையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வேறுபாட்டை 2013இல் வெளிக்கொண்டு வந்தவர், இத்தகைய விபத்தில் இறந்த பெண்ணொருத்தியின் குடும்பத்துக்காக வழக்காடிய வழக்கறிஞர் அமர்த்திய வெளி நிபுணர்.