மாவோரி அடுப்பில் ஏறிய தமிழ் மணி

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திலிருந்து சின்னக் குழுவாக நியூசிலாந்து சுற்றப் போறவங்க காடு, மலை, மாவோரி நடனத்தோடு இதையும் தெரிஞ்சுக்கணும்.

1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, வடக்குத் தீவில் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். அது உடைந்த கப்பல் மணியின் மேல்பாகம்! அதில் தமிழ் எழுத்து: "முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி". புயலில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைச்சதுன்னு மாவோரிகள் சொன்னாங்க. இப்போ வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.

இதைவெச்சு 'தமிழர்தான் நியூசிலாந்தைக் கண்டுபிடிச்சாங்க'ன்னு சொல்றது சரியில்லை. மணி வேறு கப்பலில் கைமாறியும் போயிருக்கலாம். அந்த எழுத்து காட்டுவதாகத் தோன்றுவது இதைத்தான்: தன் பேரைத் தமிழில் பொறித்துக் கடலுக்குக் கப்பல் அனுப்பிய ஒரு முஸ்லிம் வணிகர் இருந்தார்.