எழுத்துக்குப் பதில் எண்: இராமானுஜன் கேட்ட கேள்வி



ராசா வட்டாரத் தோட்டப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மிரளுவது இயற்கணிதத்தைக் கண்டுதான். "கணக்கிலே எழுத்து எதுக்கு?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. ரப்பர் வெட்டிய காலத்தில், ஓர் ஆள் வராவிட்டால் மாற்றாள் அந்த நிரைக்குப் போவார். ஆள் மாறும், நிரை மாறாது. எழுத்தும் எண்ணுக்காகப் பிடித்து வைத்த இடம்தான்.

இதைப் பாருங்கள்:

அ × அ = 1 + (அ − 1) × (அ + 1)

அ-வுக்குப் பதில் 10 போட்டால் 100 = 1 + 9 × 11. எந்த எண்ணைப் போட்டாலும் சரியாக வரும். அதனால்தான் இது முற்றொருமை. ஆனால் அ வருகிற இடத்திலெல்லாம் ஒரே எண்ணைத்தான் போட வேண்டும்!

1911-ஆம் ஆண்டு. ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜனுக்கு வயது 23. கல்லூரித் தேர்வில் தவறியவர், வேலையும் இல்லை. இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் கொடுத்த 25 ரூபாயில்தான் சாப்பாடு. அந்த நிலையில் இந்தியக் கணிதச் சங்க இதழில் ஒரு கேள்வி போட்டார்:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) எவ்வளவு?

ஆறு மாதம், மூன்று இதழ்கள் போயின. ஒருவரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: 3.

எப்படி? நம் முற்றொருமையில் 3-ஐப் போடுங்கள்: 9 = 1 + 2 × 4. ஆகவே 3 என்பது √(1 + 2 × 4). இப்போது 4-ஐப் போட்டால், 4 என்பது √(1 + 3 × 5). இதை முந்திய வரியின் 4 இருந்த இடத்தில் வைத்தால் 3 = √(1 + 2√(1 + 3 × 5)). அடுத்து 5, அப்புறம் 6... முடிவே இல்லை. (முடிவில்லாமல் போனாலும் விடை 3-தான் என்று நிலைநாட்டத் தனி வேலை உண்டு, அது பெரிய வகுப்புப் பாடம்.) இடையிலே நிறுத்திக் கணக்கிட்டால் 2.24, 2.56, 2.76 என்று 3-ஐ நோக்கி ஏறுவதைப் பார்க்கலாம்.

1912 மார்ச்சில் அவருக்குச் சென்னைத் துறைமுகத்தில் கிராணி வேலை கிடைத்தது. சம்பளம் 30 ரூபாய். நம் முன்னோர் பலர் மலாயாவுக்குக் கப்பலேறிய அதே துறைமுகம்! மறு ஆண்டு ஜனவரியில்தான் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு கணக்கு: விடை 3-க்குப் பதில் 4 வர வேண்டுமானால், மூலத்துக்குள் எந்த எண்ணில் தொடங்க வேண்டும்?