கானுவின் இதயம்

கால்பந்து பார்க்கும் நண்பர்களுக்கு கானு என்ற பெயர் தெரிந்திருக்கும். ஆறரை அடி உயரம், ஒல்லியான உடம்பு, பெரிய பாதங்கள். ஓடும்போது சோம்பேறித்தனமாக ஓடுவது போலவே இருக்கும். ஆனால் பந்து காலில் ஒட்டிக்கொண்டால் எடுக்க முடியாது! முழுப்பெயர் நுவான்குவோ கானு. நைஜீரியாவின் இக்போ மக்கள் வாரத்தை நான்கு சந்தை நாட்களாகப் பிரிப்பார்கள். அதில் "இங்க்வோ" என்ற சந்தை நாளில் பிறந்த பிள்ளைக்கு வைக்கும் பெயர் இது. இந்தப் பிள்ளை பிறந்தது 1976 ஆகஸ்டு 1-ம் தேதி, ஓவெர்ரி என்ற ஊரில்.

1993-ல் ஜப்பானில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பையை நைஜீரியா வென்றது. பைனலில் தோற்றது கானா. அந்தப் போட்டித் தொடரில் கானுவின் ஆட்டத்தைப் பார்த்த ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கிளப் அந்த ஆண்டே அவரை நெதர்லாந்துக்கு அழைத்துக்கொண்டது. இரண்டே வருடத்தில், 1995 மே 24-ம் தேதி வியன்னாவில், ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் பைனலில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். அயாக்ஸ் ஏசி மிலானை 1-0 என்று வென்றது. அப்போது அவருக்கு 18 வயது.

அடுத்த வருடம் அட்லாண்டா ஒலிம்பிக். அரையிறுதியில் எதிரே பிரேசில். ரொனால்டோ, பெபெட்டோ, ராபர்ட்டோ கார்லோஸ், ரிவால்டோ எல்லோரும் இருந்த அணி. இடைவேளையில் பிரேசில் 3-1 முன்னிலை. நைஜீரியா ஒன்றைத் திருப்பி 3-2 ஆக்கியது. ஆட்டம் முடியும் நேரத்தில் கானு ஒரு கோல் போட்டு சமன் செய்தார். அந்தக் காலத்தில் "கோல்டன் கோல்" முறை. கூடுதல் நேரத்தில் முதலில் கோல் போட்டவருக்கு வெற்றி. நான்காவது நிமிடத்தில் அதையும் கானுவே போட்டார். 4-3! மறுநாள் அவருக்கு இருபது வயது நிறைந்தது. மூன்று நாள் கழித்து அர்ஜென்டினாவையும் வென்று நைஜீரியா தங்கம் வாங்கியது.

தங்கப் பதக்கத்தோடு இத்தாலிக்குப் போனார். இன்டர் மிலான் அவரை வாங்கியிருந்தது. அங்கே நடந்த மருத்துவப் பரிசோதனையில்தான் எல்லாம் தலைகீழானது.

நம் இதயத்தில் இருந்து உடம்புக்கு ரத்தத்தைக் கொண்டுபோகும் பெரிய குழாய் பெருந்தமனி. அதன் வாசலில் ஒரு வால்வு, கதவு மாதிரி. இதயம் ரத்தத்தை அழுத்தித் தள்ளும்போது திறக்கும், உடனே மூடிக்கொள்ளும். கானுவுக்கு அந்தக் கதவில் கோளாறு. இனிமேல் பந்தைத் தொடக்கூடாது என்றார்கள் கிளப்பின் மருத்துவர்கள். சில வாரங்களுக்கு முன் பிரேசிலை வீழ்த்தியவரிடம் சொல்லப்பட்ட வார்த்தை இது.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். இத்தாலியில் போட்டி விளையாட்டில் இறங்கும் எவரும் ஈசிஜி உட்பட இதயப் பரிசோதனை செய்து மருத்துவச் சான்று வாங்க வேண்டும். 1982-ல் இருந்தே அங்கு இது சட்டம். சான்று இல்லை என்றால் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் வெளியேதான். அயாக்ஸில் மூன்று வருடம், ஒலிம்பிக்கில் ஆறு ஆட்டம் என்று கானு ஓடிய ஓட்டமெல்லாம் அந்தக் கோளாறான வால்வோடுதான்.

நைஜீரியாவுக்கு இந்தச் செய்தி எவ்வளவு அச்சத்தைக் கொடுத்திருக்கும் என்று புரிய 1989-க்குப் போக வேண்டும். அந்த ஆகஸ்டு 12-ம் தேதி லாகோஸில் அங்கோலாவுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம். சாம் ஒக்வாராஜி என்ற 25 வயது நைஜீரிய வீரர், சட்டம் படித்தவர், மைதானத்திலேயே விழுந்து இறந்தார். காரணம் இதயம். அவருடைய கோளாறு யாருக்கும் தெரியாமலே போனது. கானுவுடையது தெரிந்தது. இருவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

1996 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் கானுவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இன்டரின் தலைவர் மாசிமோ மொராட்டி அவரைக் கைவிடவில்லை. 1997 ஏப்ரலில் கானு அணிக்குத் திரும்பினார். ஆனால் இன்டரில் பெரிதாக வாய்ப்பு இல்லை. இத்தாலிய லீக்கில் மொத்தம் 12 ஆட்டம், ஒரு கோல். "கதை முடிந்தது" என்று பலரும் நினைத்திருப்பார்கள்.

1999 தொடக்கத்தில் ஆர்சனல் அவரை வாங்கியது. அந்த அக்டோபர் 23-ம் தேதி, மழையில் நனைந்த செல்சி மைதானம். ஆர்சனல் 0-2 என்று பின்தங்கி, ஆட்டம் முடிய கால் மணி நேரமே பாக்கி. அதற்குப் பிறகு கானு தனியாக மூன்று கோல் போட்டார்! மூன்றாவதை இன்று பார்த்தாலும் நம்ப முடியாது. முன்னேறி வந்த கோல்கீப்பரைத் தாண்டி, எல்லைக்கோட்டு ஓரத்தில் இருந்து, கிட்டத்தட்ட இடமே இல்லாத கோணத்தில் வலைக்குள் தூக்கிப் போட்டார். 1996-ல் கிடைத்த ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருது 1999-ல் மறுபடியும் அவருக்கே கிடைத்தது. 2003-04-ல் லீக்கில் ஒரு ஆட்டம் கூடத் தோற்காத ஆர்சனல் அணியிலும் அவர் இருந்தார். 2008-ல் போர்ட்ஸ்மவுத் எஃப்.ஏ. கோப்பையை வென்றபோது பைனலின் ஒரே கோல் அவருடையது. 2010 உலகக் கோப்பை வரை நாட்டுக்காக ஆடினார்.

கோப்பைகளை விட எனக்குப் பெரிதாகப் படுவது 2000-ல் அவர் தொடங்கிய கானு இதய அறக்கட்டளை. தனக்குக் கிளீவ்லாண்டுக்குப் போக வழி இருந்தது, ஒரு ஏழைக் குழந்தைக்கு? அந்தக் கேள்விக்கு அவர் செய்த பதில் அது. இதயக் கோளாறோடு பிறந்த நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு அதன் வழியாக அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. நம் இந்தியாவின் மருத்துவமனைகளுக்கும் குழந்தைகள் வந்து போயிருக்கிறார்கள். 2014-ல் கானுவே இன்னொரு முறை இதய அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டி வந்தது.

அதே இத்தாலியச் சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2021 ஜூனில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று விழுந்தார், பிழைத்தார். மார்பில் ஒரு கருவி பொருத்தினார்கள். அந்தக் கருவியோடு இத்தாலியில் ஆட அனுமதி இல்லை. அவரும் இன்டர் வீரர்தான்! அங்கிருந்து விலகி, 2022-ல் இங்கிலாந்தில் மறுபடியும் ஆடினார். சட்டம் கடுமையானதுதான். ஆனால் 2003-ல் பிரான்சின் லியோன் மைதானத்தில் விழுந்து இறந்த கேமரூனின் மார்க் விவியன் ஃபோவை நினைத்தால், அந்தக் கடுமையைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

கானுவின் வாழ்க்கையை "மன உறுதி வென்ற கதை" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். உறுதி இருந்தது, உண்மைதான். ஒக்வாராஜிக்கும் ஃபோவுக்கும் உறுதி குறைவா என்ன? கானுவுக்குக் கூடுதலாகக் கிடைத்தது, சரியான நேரத்தில் மார்பில் கருவியை வைத்துப் பார்த்த ஒரு டாக்டர். பள்ளி, கல்லூரி மைதானங்களில் நாள் முழுக்க ஓடும் நம்மில் எத்தனை பேருக்கு அது கிடைத்திருக்கிறது? யோசித்துப் பாருங்கள் நண்பர்களே.