குடிபெயர்வோம் என்று மிரட்டிய மாணவர்கள்

இத்தாலியின் போலோஞாவில் வாடகைக்கு அறை கிடைப்பதில்லை, கட்டில்தான் கிடைக்கும். ஓர் அறையில் இரண்டு கட்டில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாடகை. வியா ஸம்போனி தெருவில் தூண் தூணாக ஒட்டியிருந்த விளம்பரத் தாள்களைப் பார்த்து அலைந்தேன். பேசி முடித்த கட்டில், யாரோ ஐம்பது யூரோ கூடத் தருவதாகச் சொன்னதும் கைமாறிப் போனது.

சட்ட வரலாறு படிக்க வந்தவளுக்கு, இது எண்ணூறு வருடத்துப் பழைய வழக்கு என்று தெரிந்தபோது சிரிப்புத்தான் வந்தது. ஒரு மாணவன் குடியிருக்கும் வீட்டை இன்னொருவன் கூடுதல் வாடகை பேசிப் பறிக்கக் கூடாது என்ற விதியை 1189இல் போப் மூன்றாம் கிளெமென்ட் உறுதிப்படுத்தினார். போப்பே தலையிட வேண்டிய அளவுக்கு வீட்டுப் பஞ்சம்.

இந்த ஊர்ப் பல்கலைக்கழகம் 1088இல் தொடங்கியது என்பார்கள். அது 1888இல் எண்ணூறாம் ஆண்டு விழா எடுப்பதற்காக, கவிஞர் கார்துச்சி தலைமையிலான குழு குறித்துக்கொண்ட வருடம். உண்மையில் தொடக்க விழாவும் இல்லை, கட்டடமும் இல்லை. ஆசிரியர் தன் வீட்டிலோ வாடகைக் கூடத்திலோ ரோமானியச் சட்டம் நடத்துவார். மாணவர்கள் கட்டணம் திரட்டிக் கொடுப்பார்கள்.

வந்தவர்கள் பலரும் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்ச் சட்டம் அவர்களைக் காக்காது. தன் ஊர்க்காரன் வாங்கிய கடனுக்கு இங்கே படிக்கும் மாணவனைப் பிடித்து வைப்பதுகூட நடந்தது. 1150களில் பேரரசர் பார்பரோசா அதைத் தடைசெய்தார். பிறகு மாணவர்களே சங்கம் கட்டினார்கள்: ஆல்ப்ஸுக்கு இந்தப் பக்கத்தவருக்கு ஒன்று, அந்தப் பக்கத்தவருக்கு ஒன்று. சங்கத் தலைவரும் மாணவர்தான். அவருக்குக் கீழ்ப்படிவதாகப் பேராசிரியர்கள் சத்தியம் செய்ய வேண்டும். பாடம் தாமதமாகத் தொடங்கினால் அபராதம், மணி அடித்த பிறகும் நீட்டினால் அபராதம். ஊரைவிட்டு ஒரு நாள் போகவும் மாணவர் அனுமதி வேண்டும். என் பேராசிரியர் ஒருவரை நினைத்துக்கொண்டே அந்த விதிகளைப் படித்தேன், பெயர் வேண்டாம்.

இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? சொத்தில்லாமையிலிருந்துதான். கட்டடம் இல்லாத பல்கலைக்கழகம் மூட்டை கட்டிக்கொண்டு எந்த ஊருக்கும் போகலாம். 1222இல் ஒரு கூட்டம் பாதுவாவுக்குப் போனது, அங்கே புதுப் பல்கலைக்கழகம் உருவானது. 1321இல் ஒரு மாணவனுக்கு நகர நிர்வாகம் மரண தண்டனை நிறைவேற்றியதும் பெருங்கூட்டம் சியெனாவுக்குக் கிளம்பியது. வாடகை, சோறு, துணி, பிரதி எழுதும் கூலி எல்லாம் அவர்களோடு போய்விடும் என்பதால் நகரம் கெஞ்சிக் கூப்பிட்டது.

மாணவர்களுக்கு இடம் கொடுக்கவும் வீடுகள் தெருவுக்கு மேலே நீண்டன. மாடி அறையைத் தூண் தாங்கும், கீழே ஜனங்கள் நடப்பார்கள். 1288இல் புது வீடுகளுக்குத் தாழ்வாரம் கட்டாயமானது. இன்று நகராட்சி எல்லைக்குள் தாழ்வாரங்களின் மொத்த நீளம் 62 கிலோமீட்டர். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. ஸ்த்ராதா மஜ்ஜோரே தெருவில் இஸொலானி வீட்டின் மரத்தூண்கள் சுமார் ஒன்பது மீட்டர் உயரம், பதின்மூன்றாம் நூற்றாண்டு வேலை.

பேராசிரியர்களுக்கு நகரமே சம்பளம் கொடுக்கத் தொடங்கியதும் மாணவர் பிடி தளர்ந்தது. 1563இல் ஆர்க்கிஜின்னாஸியோ என்ற கட்டடம் கட்டி முடிந்து, எல்லாப் பாடமும் ஒரே கூரைக்குள் வந்தது. அதன் சுவர் முழுக்க மாணவர்களின் குலச் சின்னங்கள், ஆயிரக்கணக்கில். பார்க்க அழகு. ஆனால் சுவரில் பதித்ததைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது.

2023இல் இத்தாலிய நகரங்களில் மாணவர்கள் வாடகைக்கு எதிராகக் கூடாரம் போட்டுப் படுத்தார்கள். ஊரைவிட்டுப் போய்விடுவோம் என்று அவர்களால் மிரட்ட முடியாது. என்னால் அறவே முடியாது: என் தங்கும் அனுமதியே பல்கலைக்கழகப் பதிவை நம்பித்தான் இருக்கிறது.